காரணம் சொல்லும் கடமை

(இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியிலுள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் ஆசிரியர் பேரவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கல்லூரிச் செயலர் அவர்களே, முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அலுவலக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிறிய கல்லூரியில் ஆசிரியர்களும் நிர்வாகமும் எப்படி இணைந்து இயங்குவது என்று பேசப் பணித்திருக்கிறீர்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஓர் உதவிப் பேராசிரியர், ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரையும் நேரில் காணாமலே ஓய்வுபெற்றுவிடலாம். இங்கோ செயலர் அறைக்கும் ஆசிரியர் அறைக்கும் நடுவே ஒரு தாழ்வாரம்தான் இருக்கிறது. காலையில் அங்கே நின்று கேட்ட விடுப்பு அங்கேயே கிடைத்துவிடுகிறது. அதே தாழ்வாரத்தில், எங்கும் எழுதி வைக்கப்படாத ஒரு வாய்ச்சொல்லால் ஒரு பாடப்பிரிவுக்கான சேர்க்கை நின்றுபோகவும் கூடும். இந்த நெருக்கத்தைத்தான் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று ஆண்டுவிழா தோறும் புகழ்கிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வீட்டுப் பெரியவர் தம் முடிவுக்குக் காரணம் சொல்லாமல் இருக்கலாம். கல்லூரியில் அது செல்லாது.

சிறிய கலைக் கல்லூரி என்ற அமைப்பு நன்கு வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கே ஒஹையோ மாநிலத்திலுள்ள ஓபர்லின் கல்லூரியில், 1835-ஆம் ஆண்டு, கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வியில் அறங்காவலர் குழு இரண்டாகப் பிளந்து நின்றது. தலைவரின் ஓட்டால் முடிந்த அந்தக் கூட்டம், மாணவர் சேர்க்கையைத் தீர்மானிக்கும் பொறுப்பை ஆசிரியர்களிடமே விட்டது. பணமும் நிலமும் அறங்காவலர் கையில் இருக்க, யாருக்குக் கற்பிப்பது என்பதைக் கற்பிப்பவர் முடிவு செய்யலாம் என்று ஒரு நிர்வாகம் அத்தனை காலத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டது. 1915-இல் அமெரிக்காவில் பேராசிரியர் சங்கம் தோன்றியது. கல்லூரித் தலைவர்கள், ஆட்சிக்குழுக்கள் ஆகியோரின் அமைப்புகளோடு அது சேர்ந்து உருவாக்கிய 1966-ஆம் ஆண்டு அறிக்கை, பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆய்வு, ஆசிரியர் நியமனமும் உயர்வும் ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்கிறது. ஆட்சிக்குழு அதற்கு மாறாக முடிவெடுக்கலாம். ஆனால் அது அரிதாகவே நிகழ வேண்டும், அதற்கான காரணத்தை ஆசிரியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நான் பற்றிக்கொள்வது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

நமக்குப் பாடத்திட்டம் காரைக்குடியில், அழகப்பா பல்கலைக்கழகத்தில் வகுக்கப்படுகிறது. தேர்வையும் அவர்களே நடத்துகிறார்கள். பிறகு நாம் தீர்மானிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பீர்கள். கால அட்டவணை இருக்கிறது, அகமதிப்பீடு இருக்கிறது, வருகைக் குறைவை மன்னிக்கும் பரிந்துரை இருக்கிறது, கட்டணம் கட்டுவதற்கான கடைசி நாள் இருக்கிறது. இவற்றுள் கடைசியானதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கின்றன; படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் வரும்படி அற்றுப்போகிறது. தேர்வுக் கட்டணமும் சேர்க்கைக் கட்டணமும் இதே வாரங்களில்தான் வந்து நிற்கின்றன. கட்டணக் கவுன்ட்டரின் கம்பி ஜன்னலுக்கு வெளியே, சட்டைப்பையிலிருந்து எடுத்த நோட்டுகளை இரண்டு முறை எண்ணிவிட்டு, 'மிச்சத்தைத் தடை முடிஞ்சதும் கட்டிருறேன் சார்' என்று சொல்லும் தகப்பனாரை எழுத்தர் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறார். அவருக்கு அந்த முகம் தெரியும். அந்த வீட்டுப் பெண் வகுப்பில் எப்படிப் படிக்கிறாள் என்பது தெரியாது. அவள் திடீரென்று வராமல் போனதைத் துறைத்தலைவர் கவனிக்கிறார். ஜன்னலில் நடந்தது அவர் காதுக்கு எட்டுவதில்லை. செயலரின் மேசைக்கு வந்து சேர்வதோ 'நிலுவை' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரிசை எண் மட்டுமே. மூவரும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள்.

இதில் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. சுயநிதிப் பிரிவின் சம்பளம் மாணவர் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பிரிவில் ஒரு மாதச் சம்பளம் தள்ளிப்போனால் வாசலில் வந்து நிற்போரும் ஆசிரியர்களே. ஆகவே கடைசி நாளைத் தள்ளி வைக்க இயலாது என்று செயலர் சொன்னால் அதற்குக் கணக்கு இருக்கலாம். அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பேரவையின் முன் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். சுற்றறிக்கையில் 'நிர்வாகம் முடிவு செய்துள்ளது' என்ற வரியோடு நிறுத்திவிடும் பழக்கம் எந்தப் பக்கத்துக்கும் நன்மை செய்ததில்லை.

ஆசிரியர் பக்கத்துக்கும் ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை வகுத்திருக்கின்றன. சிறிய கல்லூரியில் அதற்கு மேல் ஒருவரே நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும், அகத் தர உறுதிக் குழுவின் ஒருங்கிணைப்பாளராகவும், தேர்வுப் பொறுப்பாளராகவும் இருக்கிறார். (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் மாதத்தில் அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.) இந்தச் சுமை உண்மை. ஆனால் கூட்டத்தில் கருத்துக் கேட்டபோது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தேநீர் வேளையில் ஆசிரியர் அறையில் முழங்குவதற்குச் சுமையைக் காரணம் காட்ட முடியாது. எதிர்ப்பு இருந்தால் அது தீர்மானப் புத்தகத்தில், பெயரோடு, காரணத்தோடு ஏற வேண்டும். காரணம் கேட்கிறவருக்கும் காரணம் சொல்லும் கடமை உண்டு. தனியார் கல்லூரிகளுக்கான 1976-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒழுங்குமுறைச் சட்டம் கல்லூரிக் குழு என்ற ஒன்றை வகுத்திருக்கிறது. அப்படிப்பட்ட குழுவில் ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்தும் வாய் திறக்காவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

எனவே ஒன்றை மட்டும் கேட்டு அமர்கிறேன். வரும் கல்வியாண்டின் கட்டண நாட்கள் அச்சுக்குப் போகுமுன், பேரவைக் கூட்டத்தின் முதல் பொருளாக அதை வையுங்கள். கவுன்ட்டரில் அமரும் எழுத்தரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்து, பின்வரிசையில் விடாமல் துறைத்தலைவர்களுக்கு நடுவே நாற்காலி போடுங்கள். ஜூன் 14-க்குப் பின் ஒரு தவணை வைக்க முடியுமா, முடியாதென்றால் ஏன் என்பதைச் செயலர் அவர்கள் எழுத்தில் தரட்டும்; அது ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும்.

நன்றி, வணக்கம்.