மீனவர் மனைவிகளைப் பற்றித் தேடினால் மீன்தான் வருகிறது, என்ன செய்வது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார், எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன மீனவர்களின் மனைவிகளுக்கு என்ன மன அழுத்தம் வருகிறது என்பதுதான் அவர் ஆய்வுத் தலைப்பு. "தலைப்பை அப்படியே கூகுள் ஸ்காலரில் போட்டால் மீன்வளக் கட்டுரைதான் சார் வருகிறது, உளவியலில் ஒன்றுமே இல்லை, கைடு தலைப்பை மாற்றச் சொல்கிறார், மாற்றிவிடவா?" என்கிறார்.

மாற்றாதீர்கள், அவசரம் வேண்டாம்.

தலைப்பை முழு வாக்கியமாகப் போட்டதுதான் கோளாறு. உங்கள் தலைப்புக்குள் மூன்று சங்கதி இருக்கிறது: யார், அவருக்கு என்ன நடந்தது, மனசு என்ன ஆனது. ஒரு தாளில் மூன்றையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் அதற்கு என்னென்ன வார்த்தை போடுவார்கள் என்று எழுதுங்கள். ஒரே பொருள் தரும் வார்த்தைகளுக்கு நடுவில் 'ஆர்', ஒரு சங்கதிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் 'அண்ட்', இரண்டும் பெரிய எழுத்தில். இரண்டு வார்த்தை சேர்ந்தே வரவேண்டும் என்றால் மேற்கோள் குறி. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் வார்த்தையின் முன்பாதியைப் போட்டு ஒரு நட்சத்திரக் குறி வைத்தால் மீதி எப்படி முடிந்தாலும் பிடித்துக்கொடுக்கும், ஸ்காலரில் அந்த வேலை நடக்காது. ஆனால் 'ஃபிஷர்' என்று போட்டு நட்சத்திரம் வைத்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை வைத்தேன், வந்து குவிந்தது பாதிக்கு மேல் புள்ளியியல், ஏனென்றால் 'ஃபிஷர்ஸ் எக்ஸாக்ட் டெஸ்ட்' என்ற புள்ளியியல் சோதனையின் பெயரை எழுதிய மருத்துவக் கட்டுரை எல்லாம் உள்ளே வந்துவிட்டது! 'ஃபிஷர்மென்', 'ஃபிஷிங் கம்யூனிட்டி' என்று முழுசாகவே போடுங்கள்.

இதைவிட முக்கியம், உங்கள் ஊரில் நடப்பதற்கு உளவியலில் என்ன பெயர் என்று கண்டுபிடிப்பது. வீட்டுக்காரர் இறந்தும் போகவில்லை, வீட்டிலும் இல்லை, யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார், இன்றைக்கு விடுவார்களா அடுத்த மாதமா என்று யாருக்கும் தெரியாது. இந்த நிலைமைக்கு 'ஆம்பிகுவஸ் லாஸ்', அதாவது தெளிவில்லாத இழப்பு, என்று பெயர். பாலின் பாஸ் என்ற அமெரிக்க அம்மா 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து ஆரம்பித்தது. அந்த இரண்டு வார்த்தையை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், அப்புறம் கப்பலில் வேலை பார்ப்பவர்களின் மனைவிகள், சிறையில் இருப்பவர்களின் குடும்பங்கள் என்று பக்கத்து வீடுகளையும் தட்டுங்கள். பாம்பன் பெயர் போட்ட கட்டுரை ஒன்றுகூட அகப்படாவிட்டாலும் முன்னாய்வு அத்தியாயம் நிற்கும்.

எங்கே தேடுவது? உளவியலுக்கென்றே இருப்பது சைக்இன்ஃபோ, அமெரிக்க உளவியல் சங்கத்தினுடையது, காசு கட்டிய நூலகத்தில்தான் திறக்கும். அதில் எந்தப் பொருளை எந்த வார்த்தையில் அடுக்கியிருக்கிறார்கள் என்பதற்குத் தனிச் சொற்பட்டியலே உண்டு, 1974இலிருந்து இருக்கிறது. பப்மெட் இலவசம், அங்கே அந்தப் பட்டியலுக்கு 'மெஷ்' என்று பெயர். ஆமாம், வலைக்கண்ணுக்குச் சொல்கிற அதே உச்சரிப்புதான், நம் பக்கத்தில் மறக்காது! மனைவி, கணவன் எல்லாம் அதில் 'ஸ்பௌசஸ்' என்ற தலைப்பின்கீழ் இருக்கும், அந்த வார்த்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரிலும் ஒரு வில்லங்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்களே, அதைத் தேடும்போது நான் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் 'வி' போட்டு எழுதிவிட்டு ஒன்றும் பெரிதாக இல்லையே என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். 'டபிள்யூ' போட்டு எழுதினவர்கள்தான் அதிகம். ராமநாதபுரத்தையும் 'ராம்நாடு' என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

முழுக் கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்டால் கட்டாதீர்கள். ஸ்காலரில் தலைப்புக்குக் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்று இருப்பதை அழுத்தினால் சில சமயம் இலவசப் பிரதி கிடக்கும். இல்லையென்றால் எழுதியவருக்கே மரியாதையாக நாலு வரி மெயில் போடுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025இலிருந்து சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன, நூலகரைக் கேளுங்கள். நம் நாட்டுப் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையதளம். அதில் ஒன்று கிடைத்தால் கடைசிப் பக்கங்களில் இருக்கும் நூற்பட்டியலை முதலில் படியுங்கள், எனக்குப் பாதி கட்டுரை அப்படித்தான் கிடைத்தது.

ஒரு நோட்டில் தேதி, எங்கே தேடினேன், என்ன வார்த்தை, எத்தனை வந்தது என்று வரிவரியாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு வாரம் கழித்தும் அந்த மனைவிகளைப் பற்றி நேரடியாக ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்த நோட்டையே கைடிடம் கொண்டுபோய் வையுங்கள், இந்தத் தலைப்பு ஏன் வேண்டும் என்று அவரிடம் பேச அதைவிட வேறு என்ன வேண்டும்? கீழக்கரையிலிருந்து இன்னொருவர் கேள்வித்தாள் மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்டிருக்கிறார், அதற்கு வருகிறேன்.