லோசான் மேசையில் பிரிக்கப்பட்ட மக்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு போரைப் பற்றிச் சொல்லும்போது, அது தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் குறிப்பிட்டு, இடையே மாண்டவர்களின் தொகையைச் சேர்த்துவிட்டால் வரலாறு நிறைவுற்றதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். 1919 மே மாதம், இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் ஸ்மிர்னா துறைமுகத்தில் கிரேக்கப் படை இறங்கியதில் தொடங்கி 1922 அக்டோபர் போர்நிறுத்தத்தோடு ஓய்ந்த கிரேக்க-துருக்கிப் போரை இவ்வாறு சொல்ல முடியாது. அந்தப் போரின் தீராத பகுதி, துப்பாக்கிகள் அடங்கிய பின்னர், 1923 ஜனவரி 30 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கையெழுத்தானது.

அந்த உடன்படிக்கையின் முதல் விதி மிகச் சுருக்கமானது. துருக்கியில் வாழும் கிரேக்க மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்தில் வாழும் முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாகச் செல்லவேண்டும். அரசின் அனுமதியின்றி எவரும் திரும்பி வந்து குடியிருக்கக் கூடாது. உண்மையில் கிறித்தவர்களில் பெரும்பாலோர், 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா தீப்பற்றி எரிந்த நாள்களிலும் அதற்குப் பின்னரும், உயிருக்கு அஞ்சி ஏற்கெனவே ஓடிவந்திருந்தனர். அமளி அடங்கியதும் ஊர் திரும்பலாம் என்று காத்திருந்த அவர்களையும், 1912 அக்டோபர் முதல் வெளியேறியிருந்த எல்லோரையும், இந்த விதி பின்தேதியிட்டுச் சேர்த்துக்கொண்டது. ஏறத்தாழ 12 லட்சம் கிறித்தவர்களும், மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களும் இவ்வாறு ஊரிழந்தனர். சுமார் 50 லட்சம் பேர் வாழ்ந்த கிரேக்கத்துக்கு, நாலைந்து பேருக்கு ஒருவர் வீதம் அகதிகள் வந்து சேர்ந்தார்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்பதை எதைக்கொண்டு முடிவு செய்தார்கள்? மொழியைக் கொண்டன்று, மதத்தைக் கொண்டுதான். ஒட்டோமான் பேரரசு தன் குடிகளை மதவாரியாகவே பதிவு செய்து வந்தது. தேசியத்தின் பெயரால் அந்தப் பேரரசிலிருந்து விலகி எழுந்த இரு அரசுகளும் அதே பதிவேட்டைத்தான் புரட்டின. துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் உட்பகுதியில் கராமன்லிகள் என்று அழைக்கப்பட்ட கிறித்தவர்கள் இருந்தனர். அவர்களின் வீட்டுமொழி துருக்கியே. அந்தத் துருக்கியை அவர்கள் கிரேக்க எழுத்துகளில் எழுதினார்கள், அதிலேயே விவிலியம் படித்தார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய மரபை அறிந்த நமக்கு, இது வியப்பூட்டும் செய்தியாக இராது. கிரேக்கம் பேசத் தெரியாத இந்த மக்கள் கிரேக்கர்கள் என்று அனுப்பப்பட்டார்கள். மறுகரையில், கிரீட் தீவின் முஸ்லிம்கள் கிரேக்கம் பேசியவர்கள். துருக்கி தெரியாத அவர்கள் துருக்கியர்கள் என்று துருக்கியின் மேற்குக் கரையிலுள்ள அய்வாலிக் போன்ற ஊர்களில், கிறித்தவர்கள் விட்டுப்போன வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். போய்ச்சேர்ந்த இடத்தில் முன்னவர்களுக்குத் 'துருக்கிய வித்து' என்றும், பின்னவர்களுக்குப் 'பாதிக் காஃபிர்' என்றும் வசைப்பெயர் கிடைத்தது.

நடுத்துருக்கியின் கப்படோக்கியாவில் கெல்வெரி என்றோர் ஊர். அவ்வூர்க் கிறித்தவர்கள் புறப்பட்டபோது, தங்கள் தேவாலயத்திலிருந்த புனித கிரெகோரியின் எலும்புகளை உடன் எடுத்துச் சென்றனர். வடகிரேக்கத்தில் தாங்கள் அமைத்த புதுக் குடியிருப்புக்கு நெயா கார்வலி, அதாவது புதிய கெல்வெரி, என்று பெயரிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற தேவாலயம் பள்ளிவாசலானது.

இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும், கிரேக்கத்தின் வடகிழக்கிலுள்ள மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. இஸ்தான்புல்லைப் பொறுத்தவரை, 1918 அக்டோபர் 30க்கு முன் அங்கு 'நிலைபெற்றவர்' மட்டுமே தங்கலாம். அந்த ஒரு சொல்லின் பொருள் என்ன என்று இரு அரசுகளும் வழக்காடி, 1925இல் பன்னாட்டு நீதிமன்றமே கருத்துரைக்க வேண்டியதாயிற்று. தான் பிறந்த தெருவில் ஒருவன் தொடர்ந்து வாழலாமா என்பது, ஒரு சொல்லுக்கு நீதிபதிகள் கொள்ளும் பொருளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைத் திட்டமிட்டவர்கள் கொடியவர்கள் அல்லர் என்பதே எனக்கு மிகுந்த கலக்கத்தைத் தருகிறது. இந்த மக்கள் பரிமாற்றத்தை முன்மொழிந்தவர்களில் ஒருவர், அகதிகளுக்காக அயராது உழைத்து 1922இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற நார்வேக்காரர் ஃப்ரிட்யோஃப் நான்சென். கலந்து வாழ்ந்தால் மீண்டும் கொலை நடக்கும், பிரித்துவிட்டால் உயிராவது மிஞ்சும் என்பது அவர்கள் கணிப்பு. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் கர்சன் இதை மிக மோசமான தீர்வு என்றும், உலகம் நூறாண்டுக் காலம் இதற்கு விலை கொடுக்கும் என்றும் கடிந்தார். கடிந்தவாறே அதற்கு இணங்கவும் செய்தார். ஒரு நாட்டுக்குள் ஒரே வகை மக்கள் இருந்தால்தான் அமைதி என்ற எண்ணம், அன்று வெறியர்களின் கூச்சலாக இல்லாமல் அறிஞர்களின் நிதானமான ஆலோசனையாகவே வந்தது.

புறப்பட்டவர்கள் விட்டுச்செல்லும் வீடு, வயல், ஒலிவ மரம் என ஒவ்வொன்றையும் எழுதிக்காட்டப் படிவங்கள் தரப்பட்டன. ஈடு கிடைக்கும் என்பது வாக்குறுதி. 1930 ஜூனில் இரு அரசுகளும் அந்தச் சொத்துகளை ஒன்றுக்கொன்று கழித்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டன. படிவம் எழுதியவர்கள் அந்தப் பேச்சில் ஒரு தரப்பாகவே இல்லை. கிரேக்கப் பிரதமராக அந்தக் கணக்கைத் தீர்த்தவர், 1919இல் ஸ்மிர்னாவுக்குப் படை அனுப்பிய அதே வெனிசெலோஸ். 1934இல் அவர், தம் பழைய எதிரியும் துருக்கியின் குடியரசுத் தலைவருமான முஸ்தபா கெமாலின் பெயரை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார்.