எஞ்சின் நின்ற பிறகும் சுழலும் இறக்கை

நேயர்களுக்கு வணக்கம். ஹெலிகாப்டரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "எஞ்சின் நின்றால் கல்லைப் போல் விழ வேண்டியதுதான்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நன்கு படித்தவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். அது உண்மையல்ல.

விமானத்தின் இறக்கைக்குத் தூக்குவிசை கிடைக்க வேண்டுமென்றால் விமானம் முழுவதும் ஓட வேண்டும். ஹெலிகாப்டரில் இறக்கை மட்டும் சுழன்றால் போதும். உடல் அந்தரத்தில் நின்றபடியே இருக்கலாம். தலைக்கு மேல் சுழலும் அமைப்பான ரோட்டரின் நீண்ட தகடு ஒவ்வொன்றும் ஓர் இறக்கைதான். விமானியின் இடக்கை நெம்புகோல் எல்லாத் தகடுகளின் சாய்வையும் ஒருசேரக் கூட்டிக் குறைக்கிறது. அதனால் ஹெலிகாப்டர் ஏறும், இறங்கும். வலக்கைக் கோல், சுற்றின் எந்தப் பக்கத்தில் தகட்டின் சாய்வு கூட வேண்டும் என்பதைத் தீர்மானித்து, வேண்டிய திசையில் நகர்த்துகிறது.

முன்னோக்கிப் பறக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. முன்னேறி வரும் தகட்டின் மீது காற்று அதிக வேகத்தில் படும். பின்வாங்கும் தகட்டின் மீது குறைந்த வேகத்தில் படும். தூக்குவிசை ஒரு பக்கம் மிகுந்து, எல்லாம் குடை சாயும். ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் தெ லா சியர்வாவின் ஆட்டோஜைரோ என்ற ரோட்டர் ஊர்திகளில் முதலில் வந்தவை இப்படித்தான் கவிழ்ந்தன. அவர் ஒவ்வொரு தகட்டின் அடியிலும் கீல் பொருத்தி, அது மேலும் கீழும் தாராளமாக அசைய விட்டார். 1923 ஜனவரியில் அவருடைய ஊர்தி கவிழாமல் பறந்தது. ஹெலிகாப்டர் வரலாற்றில் அந்தக் கீலுக்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

ஆட்டோஜைரோவின் ரோட்டரை எஞ்சின் சுழற்றவில்லை, காற்றுதான் சுழற்றியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ரோட்டரைச் சுழற்றினால் உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். 1939இல் அமெரிக்காவில் இகோர் சிகோர்ஸ்கி பறக்கவிட்ட விஎஸ்-300 ஹெலிகாப்டர், வாலில் ஒரு சிறு ரோட்டரை வைத்து அதைத் தடுத்தது. இன்றைய ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே. சினூக் ஹெலிகாப்டரில் முன்னும் பின்னுமாகவும், பல காமோவ் வகை ஹெலிகாப்டர்களில் ஒன்றன் மேல் ஒன்றாகவும் இரண்டு பெரிய ரோட்டர்கள் எதிரெதிராகச் சுழல்வதால் வால் ரோட்டரே தேவைப்படுவதில்லை.

இனி, எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளட்ச் தானாகவே ரோட்டரை எஞ்சினிலிருந்து விடுவித்துவிடும். விமானி உடனே இடக்கை நெம்புகோலைத் தாழ்த்துவார். ஓரிரு நொடி தாமதித்தாலும் ஆபத்து. தகடுகளின் சாய்வு குறைந்ததும், கீழிருந்து பாயும் காற்றே ரோட்டரைச் சுழற்றத் தொடங்கும். சியர்வாவின் அதே தத்துவம். தரையை நெருங்கியதும் மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைப்பார். கடைசியாக நெம்புகோலை மேலே இழுத்து, ரோட்டரில் மிஞ்சியிருக்கும் சுழல் வேகத்தை முழுவதும் செலவழித்து மெல்ல இறங்குவார். ஆட்டோரொட்டேஷன் எனப்படும் இந்தப் பயிற்சி இல்லாமல் யாரும் ஹெலிகாப்டர் விமானி ஆக முடியாது.

1972 ஜூன் 21 அன்று பிரான்சின் ழான் பூலே, லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தார். இறங்கத் தொடங்கியபோது எஞ்சின் அணைந்தது, மீண்டும் பற்றவில்லை. அத்தனை உயரத்திலிருந்தும் காற்று சுழற்றிய ரோட்டரை மட்டும் நம்பி அவர் பத்திரமாகத் தரையிறங்கினார்.

உயரம் அவருக்குத் துணை நின்றது. மிகத் தாழ்வாக, வேகமின்றி அந்தரத்தில் நிற்கும்போது எஞ்சின் நின்றால், ரோட்டர் வேகத்தை மீட்டெடுக்க நேரம் கிடைக்காது. எந்த உயரத்தில், எந்த வேகத்தில் அந்த ஆபத்து உண்டு என்பதை ஹெலிகாப்டரின் கையேட்டிலேயே ஒரு வரைபடமாகக் காட்டியிருப்பார்கள். அவசர வேலை இல்லாவிட்டால் விமானிகள் அந்தப் பகுதியைத் தவிர்த்தே பறக்கிறார்கள். நன்றி, வணக்கம்.