மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்? பத்திரமும் பைலாவும் சொல்வது என்ன

[திரையில்: மாடிக் கதவில் புதுப் பூட்டு. படியில் ஒரு வாளி வத்தல் கூழ்.]

வணக்கம். சித்திரை வெயில். மதுரை காளவாசல் பக்கம் பன்னிரண்டு வீடுள்ள ஓர் அப்பார்ட்மெண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வத்தல் போட மேலே போன அம்மா, பூட்டைப் பார்த்துவிட்டு வாளியோடு இறங்குகிறார். "மாடியை பில்டர் எனக்குத்தான் எழுதிக் கொடுத்தார்" என்கிறார் மேல்வீட்டுக்காரர்.

சண்டை வேண்டாம். முதலில் பீரோவில் இருக்கும் கிரயப் பத்திரத்தை எடுங்கள்.

[திரையில்: பத்திரத்தின் சொத்து விவரப் பக்கம்]

இங்கே மனையில் உங்களுக்குள்ள பிரிபடாத பாகம் எழுதியிருக்கும். யூடிஎஸ் என்போமே, அதுதான். மனை பத்து சென்ட் என்றால் 4,356 சதுர அடி. பன்னிரண்டு பேருக்கும் சம பங்கு என்றால் ஆளுக்கு 363. அது எந்த மூலையில் இருக்கிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. மனை முழுக்கக் கலந்திருக்கிறது. வீட்டின் சதுர அடியைப் பத்து தடவை கேட்டு வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. கட்டடம் பழசாகி இடிந்தாலும் கையில் நிற்பது இதுதான்.

மாடிக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பொதுப் பகுதிகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. மொட்டை மாடி, திறந்தவெளி பார்க்கிங் இரண்டும் அதில் உண்டு. உங்கள் கட்டடம் ரெராவில் பதிவானது என்றால் மேல்வீட்டுக்காரர் பேச்சு எடுபடுவது கஷ்டம். அதற்கு முந்தைய கட்டடம் என்றால் பத்திரத்தையும் அங்கீகரித்த வரைபடத்தையும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் பைலா, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிமுறைகள். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கா, வீட்டுக்கா? வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு உண்டா? இதெல்லாம் அதில்தான் இருக்கும். செயலாளரிடம் கேளுங்கள். சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலும் பைலா இருக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கமிட்டித் தீர்மானம் பைலாவை மீறக்கூடாது. பைலா சட்டத்தை மீறக்கூடாது. நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாள், பத்திரம் கொடுத்த உரிமையைப் பறித்துவிடாது.

சட்டமும் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2024-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும் என்கிறது. பழைய கட்டடத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

[திரையில்: செயலாளருக்கு எழுதும் கடிதம்]

சரி, அந்தப் பூட்டு? பத்திரத்தின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, பூட்டை எடுக்கச் சொல்லி செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். இன்னொரு பிரதியில், பெற்றுக்கொண்டேன் என்று தேதியோடு கையெழுத்து வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள்.