ஆபரேஷன் முடிஞ்சாலும் பாதிக் கெணறுதானுங்க

வணக்கமுங்க. நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறக்காரி, கோயமுத்தூர்ல நியூரோ ஐசியூல (மூளை, நரம்பு கேசுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுங்க) ரொம்ப வருசம் நர்சா இருந்து ரிட்டயராயிட்டேன்.

எங்கூருக்கிட்ட சித்தூர் பக்கம் கள்ளெறக்கற அண்ணன் ஒருத்தரு, மரத்துலருந்து எறங்கி சைக்கிள எடுக்கறாரு, படார்னு பின்மண்டைல ஒரு வலி, அடுத்த நிமிசமே வாந்தி, கழுத்த குனிய முடியல. வீட்ல, ஆடிக்காத்து பட்டுருச்சுன்னு தைலம் தேச்சு படுக்க வெச்சுட்டாங்க (நம்மூர்ல எல்லாத்துக்கும் கணவாய்க் காத்துதான் பழி). மக்யாநாள்தான் வேலந்தாவளம் தாண்டி கொண்டாந்தாங்க. மூளை ரத்தக்கொழால அனியூரிசம்ங்கற புடைப்பு வெடிச்சிருந்துச்சு. அது மறுபடி வெடிக்கறது மொத 24 மணி நேரத்துலதான் ஜாஸ்தி, அண்ணனுக்கு நேரம் நல்லாருந்துச்சு.

அனியூரிசம்னா மூளைக்குப் போற ரத்தக்கொழா ரெண்டா பிரியற எடத்துல, சைக்கிள் டியூப் புடைக்கற மாதிரி ஒரு புடைப்பு. பிபியும் பீடியும் அதுக்கு நல்ல தோஸ்து. மண்டையோட்டத் தெறந்து, மைக்ரோஸ்கோப்ல பாத்து அந்தப் புடைப்போட அடிக்கழுத்துல டைட்டானியம் கிளிப்பு போடலாம், 1937லயே அமெரிக்காவுல வால்டர் டான்டி வெள்ளிக் கிளிப்பு போட்டாரு. இல்லாட்டி தொடை வழியா சன்ன டியூப விட்டு புடைப்புக்குள்ள பிளாட்டினம் கம்பிச்சுருள அடைக்கலாம், அதான் காயில். ரெண்டுக்கும் ஒத்து வர்றவங்க 2143 பேர வெச்சு செஞ்ச ஆராய்ச்சி 2002ல வந்துச்சு, ஒரு வருசத்துல செத்தவங்க, அடுத்தவங்க தயவுல இருக்கறவங்க காயில்ல நூத்துக்கு 24 பேரு, கிளிப்புல 31. அதுக்காக கிளிப்ப பழசுன்னு தள்ளாதீங்க, புடைப்போட கழுத்து அகலமாருந்தா, மூளைக்குள்ள ரத்தக்கட்டி பெருசாருந்தா கிளிப்புதான் தோது.

அண்ணனுக்கும் கிளிப்புதான். அஞ்சாநாளே அவரு சம்சாரம் அக்கா "வீட்டுக்குப் போலாமா சிஸ்டர்"ங்கறாங்க. கசிஞ்ச ரத்தம் சுத்தி நிக்கறதால நாலாநாள்லருந்து ரெண்டு வாரம் வரைக்கும் மூளை ரத்தக்கொழாயெல்லாம் சுருங்கி ரத்தம் போறது கொறையுமுங்க, அதான் பயம். அந்தப் பாதிப்பக் கொறைக்க நிமோடிபின் மாத்திரை 60 மில்லிகிராம் நாலு மணி நேரத்துக்கொருக்கா 21 நாள், ராத்திரி ரெண்டு மணிக்கும் எழுப்பித்தான் குடுப்போம், அக்கா என்னய மொறைப்பாங்க.

ஏழாநாள் ராத்திரி எழுப்பி பேரு கேட்டேன், சொன்னாரு. கண்ண மூடிட்டு ரெண்டு கையையும் நீட்டுங்கன்னேன், வலது உள்ளங்கை மெல்ல கவுந்து கீழ எறங்குச்சு, அவருக்கே தெரியல. கொழா சுருங்குதுன்னு சந்தேகம், உடனே டாக்டர எழுப்பி, மூளைக்கு ரத்தம் போகட்டும்னு பிபிய ஏத்தி, கொழாயப் படமெடுக்கற ஆஞ்சியோவுக்கு ஓடுனோம்.

பொழச்சாரு. மரம் ஏறறதில்ல, எளநி கடை போட்டிருக்காரு. காசு வாங்கிட்டு மறுக்கா கேக்கறாரு, சள்ளுன்னு கோவம் வருது, மத்தியானமே அசந்துர்றாரு. திமிருன்னு ஊருல பேசிக்கறாங்க. அதுவும் அந்த ரத்தக்கசிவோட மிச்சந்தானுங்க. நான் போனா மட்டும் ரெண்டு கையையும் நீட்டிக் காட்டிட்டு சிரிப்பாரு.