பூட்டாத தாடைப் பட்டை

(மண்டபத்தில் மீனவர்களும் வாகன ஓட்டுநர்களும் கூடிய சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, கடல் தொழில் செய்யும் தம்பிமார்களே,

விபத்துச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். ஒரு விடிகாலையில், மீன் ஏலத்துக்குப் போகும் வழியில் மாட்டின் மீது மோதிய இளைஞர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர் கையில் அவருடைய தலைக்கவசம் இருந்தது. ஓரத்து மணலில் கிடந்ததாம். ஒரு கீறல்கூட இல்லை. தலையில் வைத்திருந்தவர், தாடைக்குக் கீழே பட்டையைப் பூட்டவில்லை. மோதிய கணத்தில் அது கழன்று ஒரு பக்கம் போக, தலை தார்ச்சாலையில் அடித்தது. நங்கூரக் கயிற்றை முடிச்சுப் போடாமல் எவராவது கடலில் இறக்குவோமா?

தலை எதிலாவது மோதியவுடன் மண்டை ஓடு நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் மூளையோ அதே வேகத்தில் முன்னே போய் எலும்பில் மோதுகிறது, நரம்பிழைகள் அறுகின்றன, இரத்தம் கட்டுகிறது. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மகோல் நசுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை அடி வாங்கிய கவசத்தை, வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், மறுபடி அணியக் கூடாது. பின்னால் அமர்ந்து வரும் மனைவியின் தலையும் தலைதான் என்பதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 40 கிலோமீட்டரில் போகும் வண்டியை 80-க்கு விரட்டினால் அதன் மோதல் ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 60-இல் போகும்போது கைப்பேசியை இரண்டு நொடி பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு 33 மீட்டர் கடந்ததற்குச் சமம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆடு வெளிப்படவும், இரவெல்லாம் கண்விழித்து இராமேசுவரத்துக்கு ஓட்டி வரும் வேன்காரருக்கு இமை சொருகவும் அந்த இரண்டு நொடியே போதும். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் கடலையும் ரயிலையும் பார்ப்பதற்காக நடுவில் வண்டியை நிறுத்துகிறவர்கள், பின்னால் வருபவர் கச்சான் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு வருகிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

விபத்து நடந்த பிறகும் காயம் பெரிதாகிறது. அதைப் பெரிதாக்குவது பல நேரங்களில் நம்முடைய நல்ல மனசுதான். அடிபட்டவரின் கைகால்களை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உடலை மடக்கி ஆட்டோவுக்குள் திணிக்கிறோம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கலிலேயே தண்டுவடம் நசுங்கி, நடந்து போயிருக்க வேண்டியவர் கட்டிலோடு கிடக்க நேரலாம். தொடையெலும்பு உடைந்தால் ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் தசைக்குள்ளேயே தேங்கிவிடக்கூடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஆகவே "பெரிய காயம் ஒன்றுமில்லை" என்று நாமே முடிவு கட்டாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடியே இருங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள்.

"காவல் நிலையம், கோர்ட்டு என்று அலைய முடியாது அக்கா" என்று தயங்குகிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்கிலிருந்து காக்கிறது. 2021-இல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதற்கென அறிவித்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட வரம்பு வரை அரசே செலவு செய்கிறது. அடிபட்டவர் வெளிமாநில யாத்திரிகராக இருந்தாலும் அவருக்கும் இது உண்டு.

பேசியது போதும். தம்பிமார்கள் ஐந்து பேர் முன்னால் வாருங்கள். ஒருவர் இந்தப் பலகை அருகில் படுத்துக்கொள்ளட்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும்போது மட்டும் மற்ற மூவரும் தோள், இடுப்பு, கால் மூன்றையும் ஒரே மூச்சில், வலை இழுக்கும்போது சேர்ந்து இழுப்பது போல, ஒரு பக்கமாகத் திருப்புங்கள். பலகையை முதுகுக்குக் கீழே நான் நகர்த்துகிறேன்.