வாள் இருக்கட்டும், பிடியைப் பாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கையில் ஏதோ கட்டையை வைத்திருக்கிறானே என்று பார்க்கிறீர்களா? வைக்கிங்குகள், அதாவது பழைய வட ஐரோப்பியக் கடலோடிகள் வைத்திருந்த வாளின் பிடி மாதிரி இது. நானே செதுக்கியது, அதனால் கொஞ்சம் கோணல். இதற்கு அப்புறம் வருகிறேன்.

2009 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில், மெட்டல் டிடெக்டரோடு வயலில் சுற்றிய ஒருவருக்குப் புதையல் கிடைத்தது. 4,000-க்கும் மேற்பட்ட துண்டுகள், ஏறக்குறைய 4 கிலோ தங்கம். ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பொருள்கள், அதாவது சுமார் 5 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை அங்கே வாழ்ந்த மக்களுடையவை. வாள்பிடியின் உச்சியில் இருக்கும் குமிழ்கள் மட்டும் 70-க்கு மேல். ஆனால் வாளின் அலகு, அதாவது வெட்டும் இரும்பு, ஒன்றுகூட இல்லை! பிடியில் இருந்த நகையை மட்டும் உரித்து எடுத்திருக்கிறார்கள். அலகுக்கு வேறு பிடி போட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

உரிக்க முடிந்தது ஏன் என்றால், அன்றைய பிடியின் அமைப்பு அப்படி. அரிவாளின் இரும்புக் காம்பு மரப்பிடிக்குள் இறங்குமே, வாளிலும் அதேதான். அலகை ஒட்டிய குறுக்குத் துண்டு கீழ்த்தடுப்பு, குமிழை ஒட்டியது மேல்தடுப்பு, நடுவில் கைப்பிடி. காம்பு இந்த மூன்றையும் துளைத்துக்கொண்டு போகும். வெளியே நீட்டும் நுனியைத் தட்டி மடக்கிவிடுவார்கள். 6-ஆம் நூற்றாண்டில் இந்த மூன்றும் பெரும்பாலும் மரம், கொம்பு, எலும்புதான். தடுப்புகளின் மேலும் கீழும் மெல்லிய உலோகத் தகடு வைத்து ஆணி அறைவார்கள். குமிழ் என்பது தட்டிய நுனியை மறைக்கும் சின்னத் தொப்பி, அவ்வளவே. குமிழ் வந்ததே வாளின் எடையைச் சமன் செய்யத்தான் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். இந்தத் தங்கத் தொப்பியில் என்ன எடை இருக்கிறது, சொல்லுங்கள்?

அதில் பதித்த சிவப்புக் கல் கார்னெட். நகைக்கடையில் கோமேதகம் என்கிறோமே, அதுவும் அந்தக் குடும்பம்தான். 1939-இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில், கப்பலோடு புதைத்த கல்லறையில் கிடைத்த வாளிலும் தங்கத்தில் கார்னெட் பதித்திருக்கிறது. கல்லுக்கு அடியில் நுண்ணிய கட்டம் போட்ட தங்கத் தாள் வைப்பார்கள். வெளிச்சம் பட்டால் கல் கனல் மாதிரி தெரியும். அதே காலத்தில் இன்றைய பிரான்ஸ் பக்கம் வாழ்ந்த பிராங்க் மக்கள் முதலில் பயன்படுத்திய கார்னெட்டில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது என்று கல்லின் வேதியியலே காட்டுகிறது. பின்னால் அந்த வரத்து குறைந்து, பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) சின்னக் கற்கள் அந்த இடத்துக்கு வந்தன.

சரி, வைக்கிங் காலம், சுமார் 8-ஆம் நூற்றாண்டின் முடிவிலிருந்து 11-ஆம் நூற்றாண்டு வரை. இப்போது தடுப்பும் குமிழும் கனத்த இரும்பு. மினுக்கு மட்டும் போகவில்லை: இரும்பில் நெருக்கமாகக் கோடு கீறி, வெள்ளிக் கம்பியையும் செம்புக் கம்பியையும் அதில் தட்டி இறக்கினார்கள். 1919-இல் நார்வேயின் தொல்லியலாளர் யான் பீட்டர்சன் இந்த வாள்களை வகை பிரித்து எழுத்துகளால் பெயரிட்டார். அவர் பிரித்ததும் பிடியை வைத்துத்தான். அலகுகள் ஒன்றுபோலவே இருக்கும்; காலத்தைக் காட்டிக்கொடுப்பது பிடி.

இப்போது என் கட்டை. இரண்டு தடுப்புக்கும் இடையில் 9 சென்டிமீட்டர். பாருங்கள், நாலு விரலும் நெருக்கியடித்து உட்காருகின்றன. முதல் நாள் சுழற்றியபோது மணிக்கட்டில் குமிழ் இடித்து வீங்கிப்போனது. அப்புறம்தான் புரிந்தது, சுத்தியல் மாதிரி இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையில் சாய்வாக விட வேண்டும். கீழ்த்தடுப்பும் குட்டை, விரலைத் தாண்டிக் கொஞ்சம்தான் நீளும். கையைக் காப்பது இதன் வேலை இல்லை, அதற்குக் கேடயம் இருந்தது.

10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குமிழும் மேல்தடுப்பும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரே இரும்புக் கட்டி, கிட்டத்தட்டப் பலாக்கொட்டை வடிவம். கீழ்த்தடுப்பு மெலிந்து இரண்டு பக்கமும் நீள்கிறது. சினிமாவில் பார்க்கும் சிலுவை வடிவ வாள் இங்கேதான் பிறக்கிறது. குதிரைமேல் இருந்து போரிட்டதுதான் காரணம் என்பார்கள். அது மட்டும் போதாது என்றே எனக்குப் படுகிறது.

அந்தப் பலாக்கொட்டைக்கும் ஒரு மரத்துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். செதுக்கி முடித்ததும் காட்டுகிறேன்.